சூடானால் லிப்ட் தூக்கவில்லை: ஒரு வருஷத்துக்குள் ரெண்டாவது பம்பா?

மன்னார்குடி உழவன்

எல்லோருக்கும் வணக்கம். என் வண்டி 42 ஹெச்பி டிராக்டர். ஹைட்ராலிக் பம்ப் இன்ஜினோடு சேர்த்து வெளிப்பக்கம் மாட்டியிருக்கும் மாடல். கியர் பாக்ஸ், பின் ஆக்சில், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில். பின்னால் 6 அடி ரொட்டவேட்டர் (சுற்றும் கத்தியால் மண்ணைக் கிளறும் கருவி), சேற்றுழவுக்குக் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்).

காலையில் எடுத்தால் லிப்ட் ரொட்டவேட்டரை ஜம்மென்று தூக்குகிறது. ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு வரப்போரம் திருப்பும்போது ரொட்டவேட்டர் பாதி உயரத்தில் நின்றுவிடுகிறது. ஆக்ஸிலேட்டரைக் கூட்டினால் மெதுவாக ஏறுகிறது. இன்னும் சூடேறினால் அதுவும் கிடையாது. நிழலில் நிறுத்திவிட்டுச் சாப்பிட்டு வந்தால் மறுபடி தூக்கும்.

போன சம்பாவிலும் இதே தொல்லைதான். பம்ப் போய்விட்டது என்று மெக்கானிக் சொன்னார், புதுசு போட்டோம், நன்றாக இருந்தது. இப்போது அவரே மறுபடி பம்ப் என்கிறார். ஒரு வருஷத்தில் எப்படி ஒரு புதுப் பம்ப் போகும்? ஊரில் நாலு பேர் வயல் தண்ணீர் கட்டி எனக்காகக் காத்திருக்கிறது. நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது. பம்ப் வாங்குமுன் நானே பார்க்கக்கூடியது என்னென்ன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வயல்வெளி

எங்க ஊரில் இதற்கு ஒரே வழிதான் செய்வார்கள் அண்ணே. ஆயிலை இறக்கிவிட்டு 90 கிரேடு கியர் ஆயில் ஊற்றுங்கள். கெட்டி ஆயில் சூட்டிலும் நிற்கும், லிப்ட் தூக்கும். சீசன் முடிந்த பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

தாராபுரம் பட்டறை

வயல்வெளி தம்பி, அதை மட்டும் செய்யச் சொல்லாதீங்க. தேய்ந்த பம்ப் கெட்டி ஆயிலில் கொஞ்ச நாள் தூக்கும், உண்மைதான். ஆனால் காலையில் ஆயில் குளிர்ந்து கிடக்கும்போது கெட்டி ஆயிலை ஸ்ட்ரெயினர் (ஆயில் சல்லடை) வழியாக இழுக்கப் பம்ப் திணறும். இழுக்க முடியாத இடத்தில் ஆவிக் குமிழி உண்டாகி, அது உடையும்போது பம்பின் உட்புறத்தை அரிக்கும். அதோட, இவர் வண்டியில் ஆயிலில் ஊறும் பிரேக் இருந்தால், பிரேக்கும் அதே ஆயிலில்தான் ஓடுது. அதுக்கென்று தயாரித்த ஆயிலை விட்டுட்டு வெறும் 90 ஊற்றினால் பிரேக் கத்தும், பிடிப்பும் கெடும். புத்தகத்தில் போட்டிருக்கிற கிரேடுதான் ஊற்றணும்.

மன்னார்குடி சார், நாலஞ்சு விஷயம் கேட்கிறேன். பார்த்துட்டு எழுதுங்க.

வண்டி சூடாகித் தூக்கத் திணறும் நேரத்தில், எவ்வளவு ஏறுதோ அவ்வளவு ஏற்றிட்டு இன்ஜினை நிறுத்துங்க. ரொட்டவேட்டர் அந்த உயரத்திலேயே நிற்குதா, இல்லை மெல்ல இறங்குதா? பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு அடையாளம் வைத்துக்கொண்டு பார்த்தால் தெரியும். யாரும் அடியில் போகக் கூடாது.

தூக்கும்போது பம்ப் பக்கம் ஊய்ங் என்று சத்தம் வருதா? வந்தால் காலையில் அதிகமா, சூட்டில் அதிகமா?

டிப் ஸ்டிக்கில் ஆயில் என்ன நிறம்? நுரை இருக்கா?

இன்ஜின் ஆயில் அளவையும் பாருங்க. ஹைட்ராலிக் ஆயில் குறைந்து, இன்ஜின் ஆயில் தானாக ஏறியிருந்தால், பம்ப் ஷாப்ட்டில் இருக்கிற சீல் போயி இந்த ஆயில் அங்கே இறங்குதுன்னு அர்த்தம். அப்படி இருந்தால் வண்டியையே எடுக்காதீங்க, இன்ஜினுக்கு ஆபத்து.

கடைசியாக ஒண்ணு. டிப்பர் டிரெய்லர் மாட்டுறீங்களா?

ஈரோடு மஞ்சக்காடு

டிப்பர் என்றதும் ஞாபகம் வந்தது. எங்கள் வண்டியில் ஆயிலை லிப்ட்டுக்கு விடுவதா, வெளியே டிப்பருக்கு விடுவதா என்று மாற்றும் ஒரு குமிழ் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. டிரைவர் டிப்பரைக் கழற்றிவிட்டுக் குமிழைத் திருப்பாமல் விட்டால் லிப்ட் அசையவே அசையாது. பக்கத்துத் தோட்டத்தில் இதற்காக லிப்ட் கவரையே கழற்றிப் போட்டுவிட்டார்கள். உங்களுக்குக் காலையில் தூக்குவதால் அது இல்லை. ஆனாலும் இந்த இழையைப் பிறகு படிக்கிறவர்கள் முதலில் அந்தக் குமிழைப் பாருங்கள்.

வேளாண் பொறியியல் மாணவி

பட்டறை அண்ணன் இன்ஜினை நிறுத்திப் பார்க்கச் சொன்னதன் காரணத்தையும் எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

ஆயில் போகும் பாதை இதுதான்: பின் ஹவுசிங், ஸ்ட்ரெயினர், உறிஞ்சு குழாய், பம்ப், பிரஷர் குழாய், டிஸ்ட்ரிபியூட்டர் (ஆயிலைத் திருப்பிவிடும் வால்வுத் தொகுதி), லிப்ட் சிலிண்டர். சிலிண்டருக்குள் பிஸ்டன் தள்ள, அது லிப்ட் ஷாப்ட்டைத் திருப்ப, ஆர்ம் ஏறுகிறது. ஏறி நின்ற பிறகு ஆயில் திரும்பி வராமல் டிஸ்ட்ரிபியூட்டரில் ஒரு வால்வு அடைத்துக்கொள்கிறது. ஆகவே இன்ஜின் நின்ற பிறகும் பாரம் அப்படியே நின்றால், பிஸ்டன் ஓ ரிங்கும் அந்த வால்வும் நன்றாக இருக்கின்றன. கோளாறு அதற்கு முந்தைய பாதியில் இருக்கிறது. பாரம் இறங்கினால் பிந்தைய பாதி. இறங்கும் வண்டியில் இன்ஜின் ஓடும்போது இன்னொன்றையும் பார்க்கலாம்: ரொட்டவேட்டர் கொஞ்சம் தாழ்ந்து, மறுபடி ஏறி, தலையாட்டிக்கொண்டே இருக்கும். கசிந்த அளவை வால்வு திரும்பத் திரும்ப நிரப்புவதால் வருவது அது.

இந்த ஒரு சோதனைக்கு ஸ்பேனர்கூட வேண்டாம். பம்பைக் கழற்றலாமா, லிப்ட் கவரைக் கழற்றலாமா என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

மன்னார்குடி உழவன்

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. இன்று ஓட்டிச் சூடாக்கிப் பார்த்தேன்.

பாதி உயரத்தில் நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். குச்சியில் வைத்த கோட்டிலிருந்து அசையவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்து பார்த்தபோதும் அதே உயரம். ஊய்ங் சத்தம் இருக்கிறது, காலையில் எடுத்தவுடன் அதிகம். டிப் ஸ்டிக்கில் ஆயில் மோர் கலந்த மாதிரி வெளுப்பு, மேலே சின்னச் சின்ன நுரை. இன்ஜின் ஆயில் அளவு சரியாகவே இருக்கிறது.

டிப்பர் சொந்தமாக இல்லை. கோடையில் வயலுக்கு எரு அடிக்கப் பக்கத்துத் தெரு டிப்பரை வாங்கி மாட்டுவோம். அந்த டிப்பர் ஊரில் எல்லா வண்டிக்கும் போகும்.

தாராபுரம் பட்டறை

சரி, இப்போ பாதி விளங்கிடுச்சு. சிலிண்டர், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் கையை வைக்காதீங்க, யாரையும் வைக்கவும் விடாதீங்க. சந்தேகம் பம்ப், ஸ்ட்ரெயினர், உறிஞ்சு குழாய், ரிலீப் வால்வு (பிரஷர் மிஞ்சினால் திறக்கிற வால்வு) இந்த நாலில்தான்.

வெளுப்புக்கு ரெண்டு காரணம் இருக்கலாம், காத்து இல்லைன்னா தண்ணி. ஒரு கண்ணாடி பாட்டிலில் ஆயிலைப் பிடித்து ராத்திரி முழுக்க அசையாமல் வையுங்க. காத்து மட்டும்னா கொஞ்ச நேரத்திலேயே தெளிந்துவிடும். தண்ணின்னா காலையிலும் கலங்கலாகவே இருக்கும், இல்லைன்னா அடியில் தனியாகத் தங்கும். இன்னொரு வழி, சூடான தோசைக்கல்லில் ரெண்டு சொட்டு விடுங்க. தண்ணி இருந்தால் சடசடன்னு வெடிக்கும். பழைய கல்லில் செய்யுங்க, முகத்தைத் தள்ளி வையுங்க.

காத்துக்கு: பின் ஹவுசிங்கில் இருந்து பம்புக்கு வரும் குழாயில் ரப்பர் ஹோஸ் இருக்கும், ரெண்டு பக்கம் கிளிப் இருக்கும். இது உறிஞ்சும் பக்கம். இங்கே விரிசல் இருந்தால் ஆயில் வெளியே வடியணும்னு இல்லை, காத்துதான் உள்ளே போகும். அதனால்தான் ஆயில் ஒழுகலையேன்னு எல்லாரும் ஏமாந்துடறாங்க. இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, கிளிப் இருக்கிற இடம், ஹோஸ் மடங்குற இடம் எல்லாத்திலும் கிரீசைக் கெட்டியாகப் பூசுங்க. பூசினதும் ஊய்ங் சத்தம் குறைந்தால் அந்த இடம்தான்.

ஆனால் பம்பில் இருந்து மேலே போகிற பிரஷர் குழாயில் இப்படிக் கையை வைத்துப் பார்க்கவே கூடாது. லிப்ட் லைனில் 150 முதல் 200 பார் வரை பிரஷர் வரும். உங்க பின் டயரில் இருப்பது ஏறக்குறைய 1 பார்தான். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை வழியாக வர்ற ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போயிடும். வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. சில மணி நேரத்தில் கை வீங்கி, விரலையே எடுக்க வேண்டிய நிலைமை வரும். அப்படி ஆச்சுன்னா மஞ்சள் வைத்துக் கட்டாமல், நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் பிரஷர் ஆயில் உள்ளே போயிருக்குன்னு சொல்லணும். கசிவு தேட ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பிடித்துப் பாருங்க, போதும்.

வேளாண் பொறியியல் மாணவி

ரிலீப் வால்வா, பம்பா என்று பிரிக்க ஒரு பிரஷர் கேஜ் இருந்தால் போதும். 250 பார் வரை காட்டும் கேஜ் வேண்டும். டிப்பர் ஹோஸ் மாட்டும் இடத்திலேயே பொருத்தலாம். ஆயில் சூடான பிறகு பிரஷரை முழுதாக ஏற்றி, ரிலீப் திறக்கும் நிலையில், முதலில் குறைந்த ஆர்பிஎம், பிறகு கூடுதல் ஆர்பிஎம் என்று பாருங்கள். நிறைய நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டாம், சில விநாடிகள் போதும்.

ஆர்பிஎம் கூடக் கூட பிரஷரும் கூடினால் பம்ப் உள்ளேயே கசிகிறது. வேகமாகச் சுற்றும்போது கசிவை மீறி ஆயில் வருகிறது, அவ்வளவுதான். ஆர்பிஎம் எவ்வளவு கூட்டினாலும் குறைவான ஒரே எண்ணில் நின்றால் ரிலீப் வால்வின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது தூசி சிக்கி அது முன்கூட்டியே திறக்கும்.

சூட்டில் தளர்ந்து, ஆக்ஸிலேட்டரில் ஏறுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பம்ப் தேய்ந்திருக்கத்தான் வாய்ப்பு. உங்கள் மெக்கானிக் சொன்னது தவறில்லை. ஆனால் அது ஏன் தேய்ந்தது என்பதை அவர் பார்க்கவில்லை.

டிரைவர் செல்லப்பா நகர்

நான் வாடகை வண்டி ஓட்டுகிறவன். ஒன்று சொல்கிறேன். லிவரை மேலே இழுத்து லிப்ட் முழுதாக ஏறிய பிறகும் 'ஸ்ஸ்ஸ்' என்று இரைச்சல் நிற்காமல் வருகிறதா பாருங்கள். மேலே போனதும் தானாக வெட்ட வேண்டும். வெட்டாவிட்டால் ரிலீப் வால்வு வழியாக ஆயில் பீறிக்கொண்டே இருக்கும், ஆயில் நெருப்பாகக் காயும், வண்டியும் முக்கும். லிவர் ஸ்டாப்பர் தளர்ந்து இடம் மாறிப்போயிருப்பதால் வருவது. என் வண்டியில் நட்டை முறுக்கி ஸ்டாப்பரைச் சரியான இடத்தில் நிறுத்தியதும் சூடு பாதியாகக் குறைந்தது.

ரொட்டவேட்டருக்குப் பொசிஷன் லிவரை (உயரத்தை வைக்கும் லிவர்) மட்டும் தொட வேண்டும். டிராப்ட் லிவரைத் தொட்டால் ஆழம் சொன்னபடி கேட்காது. புதுசாக வரும் பையன்கள் ரெண்டையும் சேர்த்து ஆட்டிவிட்டு ஹைட்ராலிக் ரிப்பேர் என்கிறார்கள்.

வேளாண் பொறியியல் மாணவி

டிரைவர் அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. டிராப்ட் என்பது மண் கலப்பையைப் பின்னால் இழுக்கும் விசை. அந்த விசையை உணர்ந்து ஆழத்தைத் தானே சரிசெய்யும் ஏற்பாட்டைத்தான் அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்குசன் 1920-களில் உருவாக்கினார். 1936-இல் பெர்குசன் பிரவுன் டிராக்டரில் அது விற்பனைக்கு வந்தது. இன்றைய வண்டிகளில் பின்னால் கருவி மாட்டும் மூன்று புள்ளி இணைப்பும் அதன் வழி வந்ததே. கொத்துக் கலப்பைக்கும் சட்டிக் கலப்பைக்கும் அது அருமையான ஏற்பாடு. ரொட்டவேட்டரோ சுற்றும் கத்தியால் வண்டியை முன்னால் தள்ளுகிறது. உணர்வதற்கு இழுவையே இல்லை.

மன்னார்குடி உழவன்

பாட்டில் சோதனையில் காலையில் அடியில் ஒரு விரல் தண்ணீர், அதற்கு மேல் கலங்கல் ஆயில். தோசைக்கல்லிலும் வெடித்தது. கிரீஸ் பூசியபோது பம்ப் பக்கத்துக் கிளிப்பில் ஒன்றுமில்லை. ஹவுசிங் பக்கத்துக் கிளிப்பில் பூசியதும் சத்தம் சட்டென்று அடங்கியது. கிளிப்பைக் கழற்றிப் பார்த்தால் ஹோஸ் கல்லாக இறுகி, கிளிப் பதிந்த தடத்திலேயே நீளமாக வெடித்திருக்கிறது. அதன் மேல்தான் கிளிப்பை இறுக்கி வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் ஸ்ட்ரெயினரை எடுத்தோம். சல்லடையில் கால்வாசி இடம்கூடத் திறந்திருக்கவில்லை. வழவழவென்று சாம்பல் நிறச் சேறு, அதற்குள் சிவப்பாக நூல் நூலாக ஏதோ இருந்தது. கழுவிப் பார்த்தால் கேஸ்கட் பேஸ்ட், காய்ந்து உரிந்த துண்டுகள். போன வருஷம் பம்ப் மாற்றியபோது ஸ்ட்ரெயினரைத் தொடவே இல்லை, ஆயிலையும் வடித்துத் திருப்பி அதையே ஊற்றினார்கள்.

தாராபுரம் பட்டறை

பம்ப் ஏன் போச்சுன்னு இப்போ தெரிஞ்சுதுங்களா? ஒரு பக்கம் அடைப்பு, ஒரு பக்கம் காத்து, ஊற்றினதும் சேத்துத் தண்ணி கலந்த ஆயில். இதில் எந்தக் கம்பெனிப் பம்பும் ஒரு சீசனுக்கு மேல தாங்காது. மறுபடி புதுசு போட்டிருந்தாலும் அடுத்த சம்பாவில் இதே கதைதான்.

பேஸ்ட் விஷயத்தில் எனக்கு ரொம்பக் கோபம் வரும். மெல்லிசாக ஒரு பூச்சு போதும். தாராளமாக அப்பினால் உள்பக்கம் பிதுங்கி, உரிந்து, நேராக ஸ்ட்ரெயினருக்குத்தான் வரும். அதேபோல உள்ளே துடைக்கப் பனியன் வேஸ்ட் வேண்டாம், அதில் இருந்து பிரியும் நூல் டிஸ்ட்ரிபியூட்டர் வால்வில் சிக்கிக்கொள்ளும். டீசலில் கழுவி, காத்தடித்து, அப்படியே மாட்டணும்.

பம்பைக் கழற்றி என்ன நிலைமைன்னு எழுதுங்க. உள்ளே கியருக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற தட்டில் நகத்தை வைத்துக் குறுக்கே இழுங்க. நகம் தட்டிட்டுப் போனால் கோடு ஆழம், அது மண்ணின் வேலை. புள்ளி புள்ளியாக அரித்திருந்தால் இழுக்க முடியாமல் போன வேலை. நீலம் பாய்ந்திருந்தால் ஆயில் இல்லாமல் ஓடியிருக்கு.

வயல்வெளி

கோடு விழுந்திருந்தால் சீல் கிட், தட்டு மட்டும் மாற்றினால் போதாதா அண்ணே? பாதிச் செலவில் முடியும். எங்கள் பக்கம் அப்படித்தான் செய்கிறார்கள்.

தாராபுரம் பட்டறை

தட்டு மட்டும் தேய்ந்திருந்தால் செய்யலாம் தம்பி, தப்பில்லை. ஆனால் கியர் பல்லின் நுனி அலுமினிய பாடியைச் சுரண்டி உறிஞ்சும் பக்கம் குழி விட்டிருந்தால் கிட் போட்டுப் பயனில்லை. லேசான தடம் புதுப் பம்பிலேயே இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். விரலில் படிக்கட்டு மாதிரி தட்டுப்பட்டால் பாடியே போச்சு.

மன்னார்குடி உழவன்

பம்பைத் திறந்தோம். தட்டு ரெண்டிலும் வட்ட வட்டமாகக் கோடு, நகம் ஒவ்வொன்றிலும் தட்டுகிறது. பாடியிலும் தெளிவான படி. ஆகவே புதுப் பம்ப் வாங்கிவிட்டேன். செலவு செலவுதான், ஆனால் இந்தத் தடவை அது ஏன் போனது என்று தெரிந்து வாங்குகிறேன்.

ஆயில் முழுதையும் சூடாக இருக்கும்போதே இறக்கினோம். எல்லா வடிகால் பிளக்கையும் திறந்தோம், ஆக்சில் பக்கத்துப் பிளக்கில் முதலில் தண்ணீர்தான் வந்தது. ஹவுசிங் அடியில் களிமண் ஒரு படலமாகப் படிந்திருந்தது, கையை விட்டு வழித்து, டீசலில் கழுவி எடுத்தோம். புது ஹோஸ், புது கிளிப், புது ஃபில்டர், புத்தகத்தில் சொன்ன ஆயில். புதுப் பம்புக்குள்ளும் ஆயில் ஊற்றி நிரப்பிய பிறகே மாட்டினோம்.

இன்று மதியம் வரை ஓட்டியாகிவிட்டது. உச்சி வெயிலிலும் குறைந்த ஆக்ஸிலேட்டரில் முழு உயரத்துக்கு ஏறுகிறது. சத்தம் துளியும் இல்லை. காத்திருந்த வயல்களில் முதல் வயல் இன்று நடவுக்குத் தயார்.

இனி தண்ணீர் எப்படி உள்ளே வந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். எங்கே தேடுவது?

டிரைவர் செல்லப்பா நகர்

கியர் லிவர் அடியில் இருக்கும் ரப்பர் உறையைப் பாருங்கள். பெரும்பாலும் கிழிந்திருக்கும். கேஜ் வீல் வாரி அடிக்கும் சேற்றுத் தண்ணீர் அங்கேதான் விழும், மழையும் அது வழியாகத்தான் இறங்கும். அடுத்தது லிப்ட் கவர் மேல் இருக்கும் பிரீதர் (காற்று போய்வரும் துளை) மூடி. பிடிஓ (ரொட்டவேட்டரைச் சுற்றவைக்கும் பின் ஷாப்ட்) சீலையும் பாருங்கள், ரொட்டவேட்டர் ஓட்டுகிற வண்டியில் அது சீக்கிரம் போகும். சாயங்காலம் மோட்டார் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவும்போது இந்த மூன்று இடத்திலும் நேராக அடிக்காதீர்கள்.

மன்னார்குடி உழவன்

கியர் லிவர் உறை ரெண்டாகக் கிழிந்திருக்கிறது. பிரீதர் மூடியே இல்லை, யாரோ துணியைச் சுற்றி அடைத்திருக்கிறார்கள். ரெண்டும் நாளை மாற்றிவிடுகிறேன். பிடிஓ சீல் நன்றாக இருக்கிறது.

அந்த டிப்பரை இனி மாட்டலாமா?

தாராபுரம் பட்டறை

அப்படியே மாட்டாதீங்க. டிப்பர் இறங்கும்போது அதன் சிலிண்டரில் இருக்கிற ஆயில் முழுக்க உங்க ஹவுசிங்குக்குத்தான் வரும். ஊரில் அத்தனை வண்டியின் அழுக்கும் அதில் இருக்கு. டிப்பர்காரரிடம் பேசி, அந்த ஆயிலை ஒரு தடவை முழுசாக இறக்கிப் புதுசு ஊற்றச் சொல்லுங்க, இது அவருக்கும் நல்லது. மாட்டுமுன் கப்ளரை (ஹோஸ் இணைக்கிற முனை) ரெண்டு பக்கமும் சுத்தமாகத் துடைங்க. டிப்பர் ஏறி நிற்கும்போது உங்க ஆயில் அளவு இறங்கும், அப்போ பம்ப் காத்தை இழுக்காமல் இருக்க டிப் ஸ்டிக்கில் மேல் கோடு வரை ஆயில் இருக்கணும்.

அப்புறம், இப்போ போட்ட ஃபில்டரை 50 மணி நேரம் ஓடினதும் மாற்றிடுங்க. கழுவியும் ஒட்டிக்கிட்டிருக்கிற களிமண் முதல் ஓட்டத்தில்தான் கிளம்பி வரும். ஸ்ட்ரெயினரையும் அன்னைக்கே ஒரு தடவை எடுத்துப் பாருங்க.

ஈரோடு மஞ்சக்காடு

கப்ளருக்கு மூடி எங்கே கிடைக்கும்? எங்கள் வண்டியில் அது தொலைந்து வெகுகாலம் ஆகிறது.

தாராபுரம் பட்டறை

ஹைட்ராலிக் ஹோஸ் அழுத்தித் தர்ற கடையில் கிடைக்கும். கப்ளரைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்க, அளவு பார்த்துத் தருவாங்க. கயிறு வைத்த ரப்பர் மூடியாகக் கேளுங்க, கழற்றினாலும் வண்டியிலேயே தொங்கும்.